ஃபர்ஸ்ட் ரேட்டா, டாப் நாட்ச்சா, செகண்ட் டு நன்னா? உயர்வைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பதும், பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். வேலை விண்ணப்பம், கம்பெனியின் அறிமுகக் கடிதம், பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் என்று எது வந்தாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்ளும். ‘இது மிக உயர்ந்தது’ என்று சொல்ல வேண்டிய வரி அது. அகராதியைத் திறந்தால் இருபது சொற்கள் வரிசையாக நிற்கும், எல்லாவற்றுக்கும் பொருள் ‘சிறந்த’ என்றே போட்டிருக்கும். அந்த வரியைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ‘ரொம்ப நல்லது’ என்றுதானே பொருள்? எதை எழுதினால் என்ன?

தமிழிலேயே பாருங்கள். தலைசிறந்த, நிகரற்ற, முதல்தரமான என்று மூன்று சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ‘முதல்தரமான வெண்டைக்காய்’ என்போம். ‘தலைசிறந்த வெண்டைக்காய்’ என்று யாரும் சொல்வதில்லை. முதல்தரமான கவிஞர்கள் ஒரே ஊரில் பத்துப் பேர் இருக்கலாம். நிகரற்ற கவிஞர் என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைக்க முடியாது. இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதே உணர்வு வர, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

நான் ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஏணியாகப் பார்ப்பேன். அந்த ஏணியைப் போட்டது யார், அளந்து போட்டதா, இல்லை சொல்பவரின் மனசிலிருந்து வந்ததா? மேல்படியில் ஒருவருக்குத்தான் இடமா, பலர் நிற்கலாமா? இந்த இரண்டையும் கேட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஃபர்ஸ்ட் ரேட், ஃபர்ஸ்ட் கிளாஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலில் ஒரு சின்ன விஷயம். தமிழ்ப் பேச்சில் ரேட் என்றால் விலை. அதனால் ஃபர்ஸ்ட் ரேட் என்பதை விலையோடு சேர்த்துப் புரிந்துகொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே ரேட் என்பது தரவரிசை, அதுவும் கப்பல்களுக்குப் போட்ட தரவரிசை.

பிரிட்டிஷ் கடற்படை தன் பாய்மரப் போர்க்கப்பல்களை ஆறு ரேட்டாகப் பிரித்திருந்தது. நெப்போலியன் காலத்துக் கணக்கில் 100 பீரங்கியும் அதற்கு மேலும் உள்ள கப்பல் முதல் ரேட். 90 முதல் 98 வரை இரண்டாம் ரேட். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1805இல் டிரஃபால்கர் போரில் நின்ற ‘விக்டரி’ கப்பலில் 104 பீரங்கிகள், 800க்கும் மேற்பட்ட ஆட்கள். 1765இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தப் போரில் பிரிட்டன் பக்கம் அணிவகுத்த 27 பெரிய போர்க்கப்பல்களில் முதல் ரேட் மூன்றே மூன்றுதான். இரண்டாம் ரேட் நான்கு. மீதி 20 கப்பல்களும் மூன்றாம் ரேட். போரைச் சுமந்தவை அவைதான். இன்றைக்கு ஒருவரைப் பார்த்து ‘தேர்டு ரேட்’ என்றால் அது கடுமையான வசை. அன்று அந்தப் பெயர் ஒரு கணக்கு மட்டுமே, அதில் இழிவு இல்லை. திருகோணமலையின் பெயரைத் தாங்கி, தேக்கு மரத்தால் பம்பாயில் கட்டப்பட்டு 1817இல் இறங்கிய ‘டிரிங்கோமலி’ ஐந்தாம் ரேட் கப்பல். அதுவும் இன்னும் இருக்கிறது, இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில். ஐந்தாம் ரேட் என்று சொல்லி அதைக் குறைத்துப் பேசுபவர் யாரும் இல்லை.

அதனால் ஃபர்ஸ்ட் ரேட் என்ற சொல்லுக்குள் இன்னும் ஒரு வகைப்பாட்டின் வாசனை இருக்கிறது. ‘ஏ ஃபர்ஸ்ட் ரேட் சர்ஜன்’ என்றால், அறுவை மருத்துவர்களை வரிசைப்படுத்தத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்கும். திறமைக்கும் அறிவுக்கும் வேலைக்கும் நன்றாகப் பொருந்தும்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் பயணச்சீட்டிலும் பட்டப்படிப்பிலும் புழங்கிய சொல். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு வழுக்கல். நம் நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் 60 விழுக்காடு எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ், அதற்கு மேலே டிஸ்டிங்ஷன் என்று ஒரு படி உண்டு. பிரிட்டனில் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஹானர்ஸ்தான் உச்சி, வழக்கமாக 70 விழுக்காடு வேண்டும். அங்கே ‘ஷி காட் ஏ ஃபர்ஸ்ட்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள், கேட்பவர் புருவம் உயரும். இங்கிருந்து அங்கே விண்ணப்பிக்கும்போது ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் விழுக்காட்டையும் போடுங்கள். இரண்டு ஏணிகளின் உயரம் வேறு.

ரயிலில் கதை இன்னும் வேடிக்கை. நம் ரயில்வேயில் மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது. பிரிட்டனிலோ இரண்டாம் வகுப்பு முன்பே மறைந்து, ரொம்ப காலம் ஒன்றும் மூன்றும் மட்டும் இருந்தன. 1956இல்தான் அந்த மூன்றுக்கு இரண்டு என்று பெயர் மாற்றினார்கள்.

‘ஏ ஒன்’ நம் பேச்சுச் சொல்லா, ஆங்கிலமா?

சுத்தமான ஆங்கிலம், அதுவும் கப்பல் துறையிலிருந்து வந்தது. லண்டனில் லாயிட் என்பவரின் காபிக் கடையில் கூடிய கப்பல் வணிகர்களும் காப்பீட்டுக்காரர்களும் 1760இல் ஒரு சங்கம் வைத்துக் கப்பல்களின் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். எந்தக் கப்பலை நம்பிப் பணம் போடலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். கப்பலின் உடலுக்கு ஏ, இ, ஐ, ஓ, யு என்று எழுத்து. நங்கூரம், கயிறு முதலிய சாமான்களின் நிலைக்கு எண். உடலும் நல்ல நிலை, சாமானும் நல்ல நிலை என்றால் ஏ 1. இந்தக் குறி 1775-76 பதிவேட்டில் வருகிறது.

அந்தப் பதிவேட்டுக் குறி இன்று நம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. ‘சாம்பார் ஏ ஒன்’ என்று சொல்லாத கல்யாண வீடு உண்டா? பேச்சிலும் நண்பருக்கு எழுதும் வரியிலும் தாராளமாகப் போடலாம். ‘தி கார் இஸ் இன் ஏ ஒன் கண்டிஷன்’ என்பது இன்றும் இயல்பான ஆங்கிலம். பொருளின் நிலையைச் சொல்லவே பிறந்த குறி என்பதால் அங்கே அது கச்சிதமாக உட்காரும். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

டாப் நாட்ச்?

நாட்ச் என்றால் மரத்திலோ கோலிலோ போடும் வெட்டு. மேல் வெட்டைத் தொட்டது டாப் நாட்ச். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சிலிருந்து வந்தது. ஃபர்ஸ்ட் ரேட்டைவிடக் கொஞ்சம் தளர்ந்த தொனி, வாய்ப்பேச்சின் உற்சாகம் இருக்கும். ஓட்டல் சேவை, ஒரு நிகழ்ச்சியின் ஏற்பாடு, நண்பரின் சமையல் இவற்றுக்கு அழகு. ஆய்வுக் கட்டுரையில் வந்தால் உறுத்தும்.

‘செகண்ட் டு நன்’ என்றால் முதலிடம் என்று பொருளா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்கு அச்சு அசலான தமிழ் நம்மிடம் இருக்கிறது. ‘யாருக்கும் சளைத்தவர் இல்லை.’

கவனியுங்கள். சளைத்தவர் இல்லை என்னும்போது, நான்தான் முதல் என்று சொல்லவில்லை. எனக்கு மேலே யாரும் இல்லை என்று மட்டும் சொல்கிறோம். பக்கத்தில் சமமாக ஒருவர் நிற்கலாம். செகண்ட் டு நன் அதே அளவுதான் பேசுகிறது.

பிரிட்டிஷ் ராணுவத்தில் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் என்று ஒரு படைப்பிரிவு. 1650இல் மாங்க் என்ற தளபதி உருவாக்கியது. அப்போது இங்கிலாந்தில் மன்னராட்சி இல்லை. பிறகு மன்னர் திரும்பி வந்தார், இந்தப் படை 1661இல் அவருடைய சேவையில் சேர்ந்தது. அதற்குள், நாடு கடந்து இருந்த காலத்திலேயே 1656இல் மன்னர் தனக்கென ஒரு காவல் படை வைத்திருந்தார். இன்றைய கிரெனேடியர் கார்ட்ஸ் அதிலிருந்து வந்ததே. மன்னரின் சேவையில் முந்தியவர்கள் அவர்கள் என்பதால் வரிசையில் முதலிடம் அவர்களுக்கு. வயதில் மூத்த கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டாம் இடம். கோல்ட்ஸ்ட்ரீம் வீரர்கள் தங்கள் இலச்சினைக்கு எடுத்துக்கொண்ட லத்தீன் வாசகம் ‘நல்லி செகுண்டஸ்’. யாருக்கும் இரண்டாவது இல்லை என்று பொருள். வரிசை எண் இரண்டு, மதிப்பில் சளைத்தவர் இல்லை. இந்தக் கதை மனதில் இருந்தால் அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தவறவே தவறாது. பெரிய போட்டியாளருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது, ‘அவர் சர்வீஸ் இஸ் செகண்ட் டு நன்’ என்ற வரிக்கு முழு வலு வருகிறது.

சிலர் இதை ‘செகண்ட் டு ஒன்’ என்று எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்து மாறினால் நாமே நம்மை இரண்டாம் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். அனுப்பும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

‘மோஸ்ட் பெஸ்ட்’ ஏன் தவறு? தமிழில் ‘மிக மிகச் சிறந்த’ என்கிறோமே?

தமிழில் ‘நல்ல’ என்ற சொல் ஒப்பீட்டுக்காக உருவம் மாறாது. ‘அதைவிட நல்லது’, ‘எல்லாவற்றிலும் நல்லது’ என்று பக்கத்தில் சொல் சேர்ப்போம், நல்லது அப்படியே இருக்கும். அதனால் எத்தனை ‘மிக’ போட்டாலும் இலக்கணம் உடையாது. ஆங்கிலத்தில் குட், பெட்டர், பெஸ்ட் என்று சொல்லே மாறிவிடுகிறது. பெஸ்ட்டுக்குள் ஏற்கெனவே ‘எல்லாவற்றிலும்’ அடங்கிவிட்டது. ஃபர்ஸ்ட், லாஸ்ட், மோஸ்ட் எல்லாவற்றின் கடைசியிலும் வரும் அந்த ‘ஸ்ட்’ இதே வேலையைச் செய்யும் பழைய விகுதிதான். பெஸ்ட்டை அழுத்த வேண்டுமென்றால் ‘பை ஃபார் தி பெஸ்ட்’, ‘தி வெரி பெஸ்ட்’ என்று எழுதுங்கள்.

பெஸ்ட்டோடு அடிக்கடி வரும் இன்னொரு பிழை: ‘ஹி இஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் டீச்சர்’. ‘சிறந்த ஆசிரியர்களில் ஒருவர்’ என்று நாம் பன்மையில்தானே சொல்கிறோம்? ஆங்கிலத்திலும் டீச்சர்ஸ்தான். தமிழில் ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் பிழை வராது.

இரண்டு பேரை ஒப்பிடும்போது தமிழில் ‘இருவரில் சிறந்தவர்’. ஆங்கிலத்தில் ‘தி பெட்டர் ஆஃப் தி டூ’. பெஸ்ட் என்றால் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது கவனமாக எழுதுபவர்களின் வழக்கம்.

பெஸ்ட், ஃபைனஸ்ட், கிரேட்டஸ்ட்?

ஃபைன் என்றால் நுணுக்கம், மென்மை. பட்டு, கைவேலை, வாசிப்பு, நடிப்பு ஆகியவற்றுக்கு ஃபைனஸ்ட். கிரேட் என்றால் பெருமை, தாக்கம். ஒரு தலைவர், ஒரு கண்டுபிடிப்பு. பெஸ்ட் எல்லா இடத்துக்கும் போகும், அதனாலேயே எங்கும் ஆழமாகப் பதியாது.

‘அட் பெஸ்ட்’ என்று வந்தால் ஜாக்கிரதை. ‘இட் இஸ் ஆவரேஜ் அட் பெஸ்ட்’ என்பது ‘ரொம்பப் போனால் சுமார் ரகம்’ என்று அர்த்தம். ஒரு மதிப்புரையில் இதைப் பாராட்டு என்று எண்ணி வேறொருவருக்கு அனுப்பி வைத்தவரை எனக்குத் தெரியும்.

டாப்மோஸ்ட், ஃபோர்மோஸ்ட், அட்மோஸ்ட், அப்பர்மோஸ்ட்: எதை எங்கே?

டாப்மோஸ்ட் என்பது இடத்தைச் சொல்வது. டாப்மோஸ்ட் ஷெல்ஃப், டாப்மோஸ்ட் கிளை. ‘டாப்மோஸ்ட் பிரையாரிட்டி’ என்று நம் அலுவலகங்களில் எழுதுகிறார்கள். ‘டாப் பிரையாரிட்டி’ போதும். ‘டாப்மோஸ்ட் கம்பெனி’ என்றால் படிப்பவருக்குக் கட்டடத்தின் கடைசி மாடி ஞாபகம் வரும்.

ஃபோர்மோஸ்ட் என்றால் முன்னணியில், முகப்பில் நிற்பவர். ‘தி ஃபோர்மோஸ்ட் ஸ்காலர் ஆஃப் தமிழ் எபிகிராஃபி’ என்று ஒரு கல்வெட்டறிஞரைச் சொல்லலாம், துறையின் பெயரோடு வரும்போது கம்பீரமாக இருக்கும். ‘முன்னோடி’ என்று பெயர்த்துவிடாதீர்கள். முன்னோடி வழி திறந்தவர், அதற்கு வேறு சொல் இருக்கிறது. அட்மோஸ்ட் ஒரு குணத்தின் அளவை மட்டுமே சொல்லும். அட்மோஸ்ட் கேர், அட்மோஸ்ட் ரெஸ்பெக்ட். ‘அட்மோஸ்ட் டாக்டர்’ என்று ஒருவர் இருக்க முடியாது. அப்பர்மோஸ்ட் பெரும்பாலும் ‘அப்பர்மோஸ்ட் இன் மை மைண்ட்’ என்ற வரியில்தான் வரும்.

இந்த ‘மோஸ்ட்’ விகுதி உண்மையில் மோஸ்ட் என்ற சொல்லே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இருந்த இரண்டு உச்சநிலை விகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ‘மெஸ்ட்’ ஆனது, பிறகு மக்கள் அதை மோஸ்ட் என்று கேட்டு அப்படியே எழுதிவிட்டார்கள். ஆக ஃபோர்மோஸ்ட்டுக்குள் ஏற்கெனவே இரண்டு ‘மிக’ இருக்கிறது.

சீஃப், பிரைம், ப்ரீமியர், பிரின்சிபல்: எல்லாம் தலைமைதானே?

வேர் இரண்டு. சீஃப் லத்தீனில் தலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சமையலறையின் செஃப்பும் அதே வேர். பிரைம், ப்ரீமியர், பிரின்சிபல் மூன்றும் ‘முதல்’ என்ற வேர். நம் தலைவரும் முதல்வரும் இதே மாதிரி பிறந்த சொற்கள் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் வேர் தெரிந்தால் மட்டும் பதவி தெரிந்துவிடாது. தமிழ்நாட்டில் முதல்வர் என்றால் மாநில ஆட்சித் தலைவர், கல்லூரியில் முதல்வர் என்றால் பிரின்சிபல். இலங்கையில் பள்ளிக்கூடத்து பிரின்சிபலை அதிபர் என்பார்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் அதிபர் என்றால் அமெரிக்க அதிபர். யாழ்ப்பாணத்து நண்பர் ‘அதிபரைச் சந்தித்தேன்’ என்று சொன்னால் அவர் தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறார்.

ஆங்கிலத்திலும் அப்படியே. இந்தியாவில் மாநிலத்துக்கு சீஃப் மினிஸ்டர், நாட்டுக்கு பிரைம் மினிஸ்டர். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் மாநில, மாகாணத் தலைவர் ப்ரீமியர். ராஜாஜி 1937இல் சென்னை மாகாணத்தின் ப்ரீமியர் ஆனார். பழைய தமிழ் எழுத்துகளில் ‘சென்னைப் பிரதமர்’ என்று பார்த்தால் திகைக்க வேண்டாம், 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பெயர்தான். ஜம்மு காஷ்மீரில் 1965 வரை பிரைம் மினிஸ்டர் இருந்தார். பழைய ஆவணத்தை மொழிபெயர்ப்பவர்கள் ஆண்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாத இடம் இது.

பதவி அல்லாத இடத்தில்: ‘சீஃப் ரீசன்’, ‘பிரின்சிபல் ரீசன்’ இரண்டும் முக்கியக் காரணம், இரண்டாவது கொஞ்சம் விறைப்பு. ‘ப்ரீமியர் இன்ஸ்டிடியூட்’ என்றால் ஊரும் உலகமும் ஏற்றுக்கொண்ட முதல்நிலை நிறுவனம். நம்மை நாமே அப்படி அழைத்துக்கொள்வதை என்னிடம் வரும் கடிதங்களில் எடுத்துவிடுகிறேன்.

சுப்ரீம் என்றால் உச்சம், ஹை என்றால் உயர்வு. இவ்வளவுதானே?

சொல்லில் ஆம். நீதிமன்றத்தில் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது வழக்கு முதலில் விசாரிக்கப்படும் இடம். அந்த மாநிலத்தின் உச்சி, கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். சென்னையிலேயே 1801 முதல் ஒரு சுப்ரீம் கோர்ட் இருந்தது. 1862இல் அதன் இடத்தில் ஹைகோர்ட் வந்தது.

தமிழுக்குள் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் ஹைகோர்ட், உச்ச நீதிமன்றம் சுப்ரீம் கோர்ட். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட்டுக்கு மேல் நீதிமன்றம் என்று பெயர். கொழும்பிலிருந்து வந்த ஒரு தீர்ப்பை ஆங்கிலப்படுத்தும்போது ‘உயர்’ என்பதைப் பார்த்து நம் பழக்கத்தில் ஹை என்று எழுதினால் தீர்ப்பு இரண்டு படி கீழே இறங்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதே தவறைச் செய்தேன். மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையெழுத்துப் படியில் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘எந்த நாடு?’ என்று மட்டும் எழுதியிருந்தார். இன்றும் பதவிப் பெயர் எது வந்தாலும் அந்த இரண்டு சொற்களை நானே கேட்டுக்கொள்கிறேன்.

பாராமவுண்ட்?

மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு மேலே நிற்பது. பழைய பிரெஞ்சில் ‘மேலே’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் ஆட்சி சமஸ்தானங்களின்மேல் தனக்கிருந்த உரிமையைப் பாராமவுண்ட்சி என்றே அழைத்தது. புதுக்கோட்டை மன்னர் தன் அரண்மனையில் மன்னர்தான், அவருக்கு மேலே பாராமவுண்ட் பவர். அது 1947 ஆகஸ்டில் முடிந்தது, 1948 மார்ச்சில் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது.

இன்று இந்தச் சொல்லை அதிகம் பார்ப்பது சட்டத்தில். இந்து இளவர், காப்பாளர் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம், காப்பாளரை நியமிக்கும்போது குழந்தையின் நலனே பாராமவுண்ட் கன்சிடரேஷன் என்கிறது. தாயின் உரிமை, தந்தையின் உரிமை எல்லாம் அதற்குப் பிறகு. ‘மோஸ்ட் பாராமவுண்ட்’ என்று எழுதக் கூடாது. யுனீக், சுப்ரீம் இவற்றுக்கும் இதுவே. நிகரற்றதில் அதிக நிகரற்றது ஏது?

ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட், டாப் ஆஃப் தி லைன்?

முதலாவது காலத்தைச் சொல்கிறது: இந்தத் தொழில்நுட்பம் இன்றுவரை எட்டிய எல்லை. எம்ஆர்ஐ கருவிக்குச் சொல்லலாம், ஆட்டுக்கல்லுக்குச் சொல்ல முடியாது. இரண்டாவது ஒரே கம்பெனியின் வரிசையில் விலையும் வசதியும் கூடிய மாடல். பிரிட்டனில் ‘டாப் ஆஃப் தி ரேஞ்ச்’ என்பார்கள்.

கோல்டு ஸ்டாண்டர்டை ‘பத்தரைமாற்றுத் தங்கம்’ என்று பெயர்க்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பொருந்தாது. பத்தரைமாற்று என்பது தூய்மை. உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் மாற்றுக் கணக்கில் கலப்பே இல்லாத பொன். ஒரு மனிதரின் குணத்தைச் சொல்ல அதைவிட நல்ல தொடர் இல்லை. கோல்டு ஸ்டாண்டர்டு வேறு. ஒரு நாட்டின் பணத்தைத் தங்கத்தின் அளவோடு கட்டிவைத்த முறை அது, பிரிட்டன் 1931இல் அதைக் கைவிட்டது. இன்று அதன் பொருள், மற்றவற்றை ஒப்பிட்டு அளக்கும் அளவுகோல். கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர் சோதனையை அப்படித்தான் சொன்னார்கள், மற்றச் சோதனைகளை அதோடு வைத்துப் பார்த்ததால். ‘அவர் ஃபில்டர் காபி இஸ் தி கோல்டு ஸ்டாண்டர்டு’ என்று எழுதினால், மற்றக் கடைகள் உங்கள் காபியை வைத்துத் தங்கள் காபியை அளக்கின்றன என்று சொல்கிறீர்கள்.

பங்குச் சந்தைக்காரர்களின் புளூ சிப், போக்கர் சூதாட்டத்தில் அதிக மதிப்புள்ள நீல வில்லையிலிருந்து வந்தது. கில்ட் எட்ஜ்டு, ஓரத்தில் பொன் பூசிய பத்திரம், பிரிட்டிஷ் அரசுக் கடன் பத்திரங்களுக்குச் சொல்வது. முதலாவது பெரிய, நிலையான நிறுவனம். இரண்டாவது பணம் மூழ்காது என்ற உறுதி.

வேர்ல்டு கிளாஸ், எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று லேபிளில் போடலாமா?

போடுவதில் தவறில்லை, படிப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது என்பதுதான் குறை. திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்தும் ஓர் அண்ணன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார். முதல் வரியிலேயே டாப்மோஸ்ட், வேர்ல்டு கிளாஸ், நம்பர் ஒன் மூன்றும் இருந்தன. நான் ஒரு பீஸ் கொண்டுவரச் சொன்னேன். அவர் கழுத்துப் பட்டியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் தோளிலிருந்து தோளுக்கு ஒரு டேப் தைத்திருந்தது, ஓவர்லாக் நூல் கழுத்தில் உரசாமல் இருக்க. துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடை. நூல் காம்ப்டு காட்டன், சீவிச் சுத்தமாக்கிய பருத்தி. துவைத்தால் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்காது என்று சோதித்த சீட்டும் வைத்திருந்தார்.

“இதை ஏண்ணா எழுதல?” என்றேன்.

“இதெல்லாம் எழுதோணுமா தம்பி? பார்த்தாத் தெரியுமே!”

கடிதத்தைப் படிப்பவர் கையில் பனியன் இல்லையே. மூன்று பாராட்டுச் சொற்களையும் எடுத்துவிட்டு டேப், ஜிஎஸ்எம், சுருக்க அளவு மூன்றையும் அதே இடத்தில் வைத்தோம். ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தேன். அது பின்னலாடைத் தொழிலின் சொல். செக்கிங்கில் தேறிய சரக்கு, ‘செகண்ட்ஸ்’ எனப்படும் குறையுள்ள சரக்கு கலக்காதது என்று வாங்குபவருக்குச் சரியாகப் புரியும்.

தொழிலின் தரச் சொற்களுக்கு அதனதன் கணக்கு உண்டு. தேயிலையில் ‘ஃபைனஸ்ட் டிப்பி கோல்டன் ஃப்ளவரி ஆரஞ்சு பீக்கோ’ என்று ஒரு தரம் இருக்கிறது. இத்தனை அடைமொழியும் இலையின் அளவையும் நுனித் துளிர் எவ்வளவு என்பதையும் சொல்பவை. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீலகிரியிலோ நுவரெலியாவிலோ தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரைக் கேட்டால் சலித்துப் பிரிக்கும் இடத்தைக் காட்டி விளக்குவார்.

சூப்பர் என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

நண்பருக்கு எழுதலாம். தமிழில் சூப்பர் எல்லா வயதினருக்கும் உரியது. ஆங்கிலத்தில் தனியாக ‘சூப்பர்!’ என்பது பழைய தலைமுறை பிரிட்டிஷ் பேச்சு போலக் கேட்கும். அங்கே ‘எக்ஸலன்ட்’ போடுங்கள்.

என்னைப் பற்றி நானே எழுதும் விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

அளந்து போட்ட ஏணி இருந்தால் அதை மட்டும் போடுங்கள். ‘ரேங்க்டு செகண்ட் இன் ஏ கிளாஸ் ஆஃப் 62’ என்ற வரி, ‘டாப் நாட்ச் ஸ்டூடண்ட்’ என்பதைவிட நூறு மடங்கு பேசும். இரண்டாம் இடம்தானே என்று கூச்சப்பட்டு அதை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். ஃபர்ஸ்ட் ரேட், அவுட்ஸ்டாண்டிங் போன்றவை உங்கள் ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு உரியவை. அவரிடம் கேட்கும்போதும், ‘நான் கற்பித்த மாணவர்களில் முதல் ஐந்து பேரில் ஒருவர்’ என்பது போல எண்ணோடு எழுத முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் அப்படிக் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போன மாதம் ஒரு பெண் அப்படிக் கேட்டிருக்கிறார். அவருடைய பேராசிரியர் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்த பாராட்டை எடுத்துவிட்டு, அந்தப் பெண் ஆய்வகத்தில் சரிசெய்த ஒரு பிழையைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்தாராம். அந்தக் கடிதம் என்னிடம் திருத்த வந்தது. ஒரு காற்புள்ளியைத் தவிர எதையும் தொடவில்லை.